படத்தில் அவர் போட்டிருக்கும் பைலட் கண்ணாடி எது? ராணுவ பாணி ஏவியேட்டரை அடையாளம் காணும் முறை

ஏவியேட்டர் என்றாலே ரேபான் என்று முடிவுகட்டிவிட்டால் தேடல் அங்கேயே திசைமாறிவிடும். திரையில் ராணுவ விமானியாக வருபவர் போட்டிருக்கும் கூலிங் கிளாஸ் கடையில் விற்ற சிவிலியன் மாடலாகவும் இருக்கலாம், அரசு ஒப்பந்தத்தில் செய்து வீரர்களுக்கு வழங்கப்பட்ட நிஜ ராணுவச் சரக்காகவும் இருக்கலாம். பிராண்டை முதலில் தேடாதீர்கள். காதுக்கம்பி, இரண்டு லென்ஸுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, லென்ஸின் வடிவம் மூன்றையும் பார்த்து அது எந்தக் குடும்பம் என்று பிரித்துவிட்டால் பிராண்டு பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

அமெரிக்கப் படங்களில் அடிக்கடி வருபவை மூன்று குடும்பங்கள்.

முதலாவது, இரண்டாம் உலகப் போர்க் கால ஏஎன்-6531. தரைப்படை, கடற்படை இரண்டுக்கும் பொதுவாக எழுதப்பட்ட தரக்குறியீடு இது. ஒரே நிறுவனத்தின் மாடல் அல்ல. அமெரிக்கன் ஆப்டிகல், பாஷ் அண்ட் லாம் உட்படப் பலர் செய்து கொடுத்தார்கள். லென்ஸ் கண்ணீர்த்துளி வடிவம். காதுக்கம்பி சுருள்கம்பியாக இருக்கும், காதின் பின்புறம் முழுக்கச் சுற்றி மடல் வரை இறங்கும்.

இரண்டாவது, எச்ஜியூ-4/பி. 1950களின் கடைசியில் அமெரிக்க விமானப்படைக்காக வந்தது. ஜெட் விமானிக்குத் தலைமேல் ஹெல்மெட் இருக்கிறது, காதின் மேல் ஹெட்போன் இருக்கிறது. சுருள்கம்பியைக் காதில் மாட்ட வேண்டுமென்றால் ஹெல்மெட்டையே கழற்ற வேண்டும். அதனால் கம்பியை நேராக்கி, நுனியைத் தட்டையாக்கினார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பக்கவாட்டில் செருகி எடுக்கலாம். பயனெட் கம்பி என்பது இதுதான். லென்ஸும் கண்ணீர்த்துளியாக இல்லாமல் கொஞ்சம் சதுரத்தன்மையோடு, உயரம் குறைவாக இருக்கும். அமெரிக்கன் ஆப்டிகல் இதே வடிவத்தை ‘ஒரிஜினல் பைலட்’ என்ற பெயரில் கடைகளிலும் விற்றது. அப்பல்லோ-11 பயணத்தில் நிலவுக்குப் போய்வந்தவையும் அமெரிக்கன் ஆப்டிகல் கண்ணாடிகள்தான்.

மூன்றாவது, ரேபான் லார்ஜ் மெட்டல். பாஷ் அண்ட் லாம் 1937இல் ரேபான் என்ற வணிகப்பெயரில் கடைக்குக் கொண்டுவந்த வம்சம். பெரிய கண்ணீர்த்துளி லென்ஸ். காதுக்கம்பி பெரும்பாலும் காதின் பின்னால் வளைந்து இறங்கும் சாதாரண வகை.

இரண்டாவதும் மூன்றாவதும்தான் ஓயாமல் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. ‘டாப் கன்’ (1986) நல்ல எடுத்துக்காட்டு. அந்தக் காலத்து அமெரிக்க விமானிகளுக்கு அரசு வழங்கிய வகை நேர்க்கம்பி எச்ஜியூ-4/பி. படத்தின் நாயகன் போட்டிருப்பதோ ரேபான் லார்ஜ் மெட்டல். இன்று இணையத்தில் அதை ‘ஆர்பி3025’ என்று எழுதுகிறார்கள். அது இப்போதைய கடை எண். படம் எடுத்தபோது ரேபான் பாஷ் அண்ட் லாம் கையில் இருந்தது; 1999இல்தான் இத்தாலியின் லக்ஸாட்டிக்கா அதை வாங்கியது. படத்தில் இருப்பதே வேண்டும் என்பவர் தேட வேண்டியது பாஷ் அண்ட் லாம் முத்திரை போட்ட அமெரிக்கச் சரக்கை. அதே தோற்றம் கிடைத்தால் போதும் என்பவருக்கு இன்றைய ஆர்பி3025 தாராளமாகப் போதும்.

எந்தக் காட்சியைப் பிடிப்பது

விளம்பரப் போஸ்டரை நம்பாதீர்கள். போஸ்டர் படப்பிடிப்புக்கு வேறு கண்ணாடி கொடுத்திருப்பார்கள், அல்லது ஓவியர் வடிவத்தைத் திருத்தியிருப்பார். படத்திலிருந்தே, கிடைக்கிற மிக உயர்ந்த தரத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். குறைந்தது மூன்று வேண்டும்: முகம் நேராகத் தெரிவது ஒன்று, காது தெளிவாகத் தெரியும் பக்கவாட்டு ஒன்று, லென்ஸில் வெளிச்சம் ஊடுருவிக் கன்னம் தெரிவது ஒன்று.

நேர்முகக் காட்சியில் எச்சரிக்கை. கேமராவை முகத்துக்கு மிக அருகில் வைத்து அகலக்கோண லென்ஸில் எடுத்திருந்தால் மூக்குப்பகுதி உப்பிக்கொண்டு பெரிதாகும், காதுகள் பின்வாங்கும். மூக்கின் மேலிருக்கும் இடைவெளியும் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். தூரத்திலிருந்து எடுத்த, பின்னணி மங்கலான காட்சியே அளக்க ஏற்றது.

படம் முழுக்க ஒரே கண்ணாடிதான் என்றும் நினைத்துவிடக் கூடாது. முக்கியக் கதாபாத்திரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகள் வைத்திருப்பது வழக்கம். சண்டைக் காட்சிக்கு மலிவானது வரும். நடிகரின் கண் தெரிய வேண்டும் என்பதற்காக லென்ஸைக் கழற்றிவிட்டு வெளிர்நிற லென்ஸ் போடுவதும் உண்டு. வெவ்வேறு காட்சிகளில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளைக் கலந்து அளந்தால் இல்லாத ஒரு மாடலைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

காதைப் பாருங்கள்

பக்கவாட்டுக் காட்சியில் கம்பி காதை அடைந்த பிறகு என்ன செய்கிறது என்று பாருங்கள். காதின் மேல்விளிம்பைத் தாண்டி வளையாமல் பின்தலை முடிக்குள் போனால் பயனெட். நுனியில் தட்டையான பிளாஸ்டிக் பட்டை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். காதின் பின்னால் பாதி வரை வளைந்து இறங்கினால் சாதாரணக் கம்பி. மடலுக்குக் கீழே மெல்லிய உலோகச் சுருள் எட்டிப்பார்த்தால் சுருள்கம்பி. ராணுவக் கதாபாத்திரங்களுக்கு முடி ஒட்ட வெட்டியிருப்பார்கள் என்பதால் இந்தச் சோதனை பெரும்பாலும் நடந்துவிடும். முடி மறைத்தால், கண்ணாடியைக் கழற்றும் காட்சியைத் தேடுங்கள். நேர்க்கம்பியை முன்னால் அப்படியே உருவலாம். வளைந்த கம்பியைக் காதிலிருந்து தூக்கித்தான் எடுக்க வேண்டும். சுருள்கம்பியை ஒவ்வொரு காதாக அவிழ்க்காமல் முடியாது. நடிகரின் கையே சொல்லிவிடும்.

சுருள்கம்பி தெரிந்தவுடன் ‘ஏஎன்-6531’ என்று எழுதிவிடாதீர்கள். பழைய ரேபான்களிலும் சுருள்கம்பி உண்டு. தங்கப் பளபளப்பு, மேல்கம்பியின்மேல் பிளாஸ்டிக் நெற்றிப்பட்டை இவை இருந்தால் சிவிலியன் ரேபான் பக்கம் சாயலாம். இரண்டும் இல்லையென்றால் திரையை மட்டும் பார்த்து அறுதியிட முடியாது. அங்கே நிறுத்திக்கொள்வதே நேர்மை.

இடைவெளியை அளக்கும் கணக்கு

கண்ணாடி ஃபிரேமில் 58□14 என்று பொறித்திருந்தால், லென்ஸின் அகலம் 58 மி.மீ., இரண்டு லென்ஸுக்கும் நடுவே மிகக் குறுகிய இடத்தில் 14 மி.மீ. என்று பொருள். லார்ஜ் மெட்டல் இன்று 55, 58, 62 என்று மூன்று அளவில் வருகிறது. மூன்றிலும் இடைவெளி 14தான். பைலட் வடிவமான எச்ஜியூ-4/பி குடும்பத்தில் 52□20, 55□20, 57□20 போன்ற அளவுகள் வரும். இடைவெளியை லென்ஸ் அகலத்தால் வகுத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். லார்ஜ் மெட்டலுக்கு 0.23 முதல் 0.25 வரை. பைலட் வடிவத்துக்கு 0.35 முதல் 0.38 வரை. நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம் இருப்பதால் சிறு தவறுகள் முடிவை மாற்றாது. விகிதம் மட்டுமே தேவை என்பதால் நடிகரின் முகம் எவ்வளவு பெரியது என்ற கவலையும் இல்லை.

செய்முறை: நேர்முக ஸ்கிரீன்ஷாட்டைப் படம் திருத்தும் எந்தச் செயலியிலாவது திறந்து, இரு கண்களும் கிடைமட்டமாக இருக்கும்படி சுழற்றுங்கள். ஒவ்வொரு லென்ஸின் அதிகபட்ச அகலத்தையும் பிக்ஸலில் அளங்கள். லென்ஸை மட்டும் அளக்க வேண்டும், சுற்றியுள்ள கம்பியைச் சேர்க்கக் கூடாது. இடைவெளியை ஒரு லென்ஸின் உள்விளிம்பிலிருந்து அடுத்த லென்ஸின் உள்விளிம்பு வரை அளங்கள். இங்கே கம்பி சேரும். கம்பியைத் தவறான பக்கத்தில் சேர்ப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. அப்படிச் செய்தால் பைலட் கண்ணாடியின் விகிதம் சரிந்து நடுப்பள்ளத்தில் விழும்.

இடது லென்ஸ் 212, வலது 206, இடைவெளி 52 பிக்ஸல் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸ்களின் சராசரி 209. 52ஐ 209ஆல் வகுத்தால் 0.249. லார்ஜ் மெட்டல் பக்கம். இரண்டு லென்ஸின் அகலமும் பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் முகம் திரும்பியிருக்கிறது. வேறு காட்சி பாருங்கள். தலை குனிந்திருந்தால் பரவாயில்லை. குனிந்தால் உயரம்தான் குறுகும், அகலம் மாறாது. லென்ஸின் உயரத்தை வைத்து மாடல் சொல்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

குடும்பம் தெரிந்தபிறகு அளவு வேண்டுமென்றால் ஒரு மி.மீ. அளவுகோல் தேவை. நடிகர் கண்ணாடி இல்லாமல் நேராகப் பார்க்கும் நெருக்கக் காட்சியில் கருவிழியின் அகலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்தவர்கள் பெரும்பாலோருக்கு அது 11 முதல் 12.5 மி.மீ.க்குள் இருக்கும்; சராசரியாக 11.7 என்று வைத்துக்கொள்ளலாம். அதை வைத்து இரு கண்களின் வெளிமுனைகளுக்கோ இரு காதுகளுக்கோ இடைப்பட்ட தூரத்தை மி.மீ.யாக மாற்றி, அந்த முகத்தின் மேல் கண்ணாடியின் அகலத்தை ஒப்பிடுங்கள். 58□14 என்றால் லென்ஸ்களும் இடைவெளியும் சேர்ந்து 130 மி.மீ.; 62□14 என்றால் 138. எட்டு மி.மீ. வித்தியாசம் பிடிபட வேண்டுமென்றால் கருவிழி திரையில் குறைந்தது 60 பிக்ஸலாவது இருக்க வேண்டும். 20 பிக்ஸல்தான் கிடைக்கிறது என்றால் ஒரு பிக்ஸல் தவறினாலே ஐந்து சதவீதம் போய்விடும். அளவு சொல்லவே முயலாதீர்கள்.

குழப்பும் உறவினர்கள்

ரேபான் கேரவன் என்ற மாடல் இந்த ஆராய்ச்சியில் பலரைக் கவிழ்த்திருக்கிறது. லென்ஸ் எச்ஜியூ-4/பி போலவே சதுரத்தன்மை கொண்டது. இன்றைய கேரவன் 58□15 என்ற அளவில் வருவதால் விகிதத்தில் மாட்டிக்கொள்ளும். பழைய கேரவனுக்கு விகிதத்தை மட்டும் நம்பாமல் காதுக்கம்பியையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு லென்ஸுக்கும் நடுவே, மேல்கம்பிக்கும் கீழ்க்கம்பிக்கும் இடையில் ஒரு சின்ன வட்டம் தெரிந்தால் அது ரேபான் ஷூட்டர். மேல்கம்பியின்மேல் முத்துநிறத்திலோ ஆமையோட்டு நிறத்திலோ பிளாஸ்டிக் பட்டை இருந்தால் அவுட்டோர்ஸ்மன். இரண்டும் 1930களின் இறுதியில் வேட்டைக்காரர்களையும் துப்பாக்கி சுடுபவர்களையும் மனத்தில் வைத்து விற்கப்பட்டவை. படங்களில் ஷெரிப், போலீஸ் அதிகாரி, வில்லன் கர்னல் போன்றவர்களுக்கு உடை அலங்காரக் குழு விரும்பி மாட்டுவதும் இவற்றைத்தான். அந்த நெற்றிப்பட்டை முகத்துக்கு ஒரு அதட்டலைக் கொடுக்கிறது.

எச்ஜியூ-4/பிக்குள் அமெரிக்கன் ஆப்டிகலா, பாஷ் அண்ட் லாமா, ராண்டால்ஃபா என்று திரையில் பிரிக்க முயல்வது பெரும்பாலும் வீண்வேலை. தரக்குறியீடு ஒன்றே என்பதால் மூன்றும் உடன்பிறப்புகள் மாதிரி இருக்கும். ஒரு விஷயம் மட்டும் உதவும்: ராண்டால்ஃப் 1970களில் தொடங்கிய நிறுவனம். 1960களில் எடுத்த படத்தில் ராண்டால்ஃப் என்று யாராவது சொன்னால் கதை அத்தோடு முடிந்தது.

காலக்கணக்கில் இன்னொன்றையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கதை நடக்கும் ஆண்டு வேறு, படம் எடுத்த ஆண்டு வேறு. 1943இல் நடக்கும் கதையை 1970இல் எடுத்திருந்தால், அன்று கடையில் கிடைத்ததை மாட்டியிருக்கலாம். படம் எடுத்த ஆண்டுக்குப் பிந்தைய மாடல் இருக்கவே முடியாது. கதை ஆண்டுக்குப் பிந்தையது தாராளமாக இருக்கும். போர்க்கதையில் நேர்க்கம்பி தெரிந்தால் அது உங்கள் தவறில்லை, உடைக் குழுவின் அலட்சியம்.

லென்ஸின் நிறம்

லென்ஸைத் தனியாகப் பார்த்து நிறம் சொல்லாதீர்கள். அடர் லென்ஸ் வானத்தையும் விளக்கையும் பிரதிபலிக்கும். படப்பிடிப்புக்குப் பிறகு நிறத்தை மாற்றும் கலர் கிரேடிங்கில் படம் முழுக்கப் பச்சையோ மஞ்சளோ ஏறியிருக்கும். லென்ஸின் கீழ்விளிம்பு வழியாகத் தெரியும் கன்னத்தைப் பார்த்து, லென்ஸுக்கு வெளியே உள்ள கன்னத்தோடு ஒப்பிடுங்கள். தோல் இருண்டு மட்டும் இருந்தால் நடுநிலைச் சாம்பல்: எச்ஜியூ-4/பியின் என்-15, வெளிச்சத்தில் 15 சதவீதத்தை மட்டும் விடுவது. தோல் பச்சை கலந்த சாம்பலாகத் தெரிந்தால் ஜி-15, 1953இல் வந்த ரேபான் கண்ணாடி. இன்னும் தெளிவான பச்சை என்றால் பழைய பச்சை லென்ஸ்கள். அமெரிக்கன் ஆப்டிகலின் காலோபார் அந்த வகை. பழுப்பு என்றால் அதே நிறுவனத்தின் காஸ்மெட்டான், ரேபானின் பி-15 இரண்டும் வாய்ப்புள்ளவை. லென்ஸின் மேல் ஊதாவோ பச்சையோ மினுங்கும் மெல்லிய பிரதிபலிப்பு தெரிந்தால், கேமராவும் விளக்கும் லென்ஸில் தெரியாமலிருக்க படக்குழு மேற்பூச்சு போட்டு மாற்றிய லென்ஸாக இருக்கலாம். அந்தக் காட்சியில் நிறத்தை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

மாடலைக் கண்டுபிடித்து, பழைய ஜோடி ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால் பூதக்கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் படம் மட்டும் அனுப்பினால், மூக்குப் பாலத்தின் (இரு லென்ஸையும் இணைக்கும் கம்பி) உள்பக்கம், இரு காதுக்கம்பிகளின் உள்பக்கம், கீல் அருகே லென்ஸின் ஓரம் இந்த மூன்றுக்கும் நெருக்கப்படம் கேளுங்கள். தர மறுத்தால் விலையும் பேச வேண்டாம்.

பாஷ் அண்ட் லாம் காலத்து ரேபானில் கீல் பக்கம் லென்ஸின் ஓரத்தில் ‘பிஎல்’ என்று மிகச் சிறிய எழுத்து பெரும்பாலும் செதுக்கியிருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். லக்ஸாட்டிக்கா காலத்தில் அது ‘ஆர்பி’ ஆகிவிட்டது. பாலத்தில் ‘1/10 12கே ஜிஎஃப்’ என்றிருந்தால், உலோக எடையில் பத்தில் ஒரு பங்கு 12 காரட் தங்கத் தகடு என்று பொருள். இது பழைய அமெரிக்கச் சரக்கின் அடையாளம்; அமெரிக்கன் ஆப்டிகலிலும் இருக்கும். ‘1/30 10கே ஜிஓ’ போன்ற முத்திரைகள் தங்கம் மெலிந்த வகை. அமெரிக்கன் ஆப்டிகல் காதுக்கம்பியில் ‘5 1/2’ என்று இருந்தால் அங்குலக் கணக்கில் கம்பியின் நீளம், கிட்டத்தட்ட 140 மி.மீ.

முத்திரைகள் ஒன்றோடொன்று சண்டை போடக் கூடாது. லென்ஸில் ‘பிஎல்’, காதுக்கம்பியில் ‘ஆர்பி3025’ இரண்டும் ஒரே கண்ணாடியில் இருந்தால் இரண்டு காலத்து உதிரிகளைச் சேர்த்தது, அல்லது போலி. ஐரோப்பாவின் ‘சிஇ’ தரக்குறி 1990களில்தான் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு 1970களின் சரக்கு என்று விற்பவரிடமிருந்து நகர்ந்துவிடுங்கள். லென்ஸ் நிஜக் கண்ணாடிதானா என்பதை அறிய உதட்டில் தொட்டுப் பாருங்கள், சில்லென்றிருக்கும். பிளாஸ்டிக்கில் அந்தக் குளிர்ச்சி இருக்காது.

மிகப் பழைய லென்ஸைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவோ விளையாடவோ போகும் முன் ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவில் கூலிங் கிளாஸ் லென்ஸ்கள் மோதலைத் தாங்க வேண்டும் என்ற விதி 1972இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய லென்ஸ் கடினப்படுத்தப்படாததாக இருக்கலாம். உடைந்தால் கூரான துண்டுகளாகக் கண்ணருகே சிதறும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கம்ப்யூட்டரின் எல்சிடி திரையை முழு வெள்ளையாக வையுங்கள். போலரைஸ்டு கண்ணாடி ஒன்றை உங்கள் கண்ணெதிரே பிடித்து, திரை கறுக்கும்வரை சுழற்றுங்கள். இப்போது பழைய லென்ஸைத் திரைக்கும் அந்தக் கண்ணாடிக்கும் நடுவில் பிடியுங்கள். சிலுவை போன்ற வெளிச்சக்கோலம் தெரிந்தால் வெப்பத்தால் கடினப்படுத்திய லென்ஸ். எதுவும் தெரியவில்லை என்றால் கடினப்படுத்தாததாக இருக்கலாம், அல்லது ரசாயன முறையில் செய்ததாக இருக்கலாம். அந்த முறை கோலம் காட்டாது. ஐயமிருந்தால் கண்ணாடிக் கடையில் கொடுத்துப் புதிய லென்ஸ் போட்டுக்கொண்டு, பழையதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

இதே திரையில் இன்னொன்றும் தெரியும். பழைய லென்ஸை மட்டும் தனியாகத் திரைமுன் பிடித்துச் சுழற்றும்போது அது கறுத்தால் போலரைஸ்டு லென்ஸ். எச்ஜியூ-4/பியில் அப்படி இருக்கக் கூடாது. விமானக் கண்ணாடி மூடியில் கோடுகள் தெரியும், திரைக்கருவிகள் மறையும் என்பதால் விமானிகளுக்கு அதைத் தருவதில்லை. ஆகவே ‘ஒரிஜினல் ராணுவச் சரக்கு, போலரைஸ்டு’ என்று ஒரே வரியில் எழுதி விற்றால் லென்ஸாவது மாற்றப்பட்டிருக்கிறது.

வாங்கிய பிறகு முதலில் பழுதாவது நோஸ்பேடுதான். மஞ்சளாகி, பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். கவ்வியை விரிக்காமல் புதியது மாட்டும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள். பழைய உலோகம் ஒருமுறை வளையும், மறுமுறை முறியும். லென்ஸைப் பிடிக்கும் ஸ்க்ரூ இறுகியிருந்தால் பலம் கொடுக்காதீர்கள். மரையில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுவிட்டு, தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரால் முதலில் கால் சுற்று இறுக்கும் பக்கம், பிறகு தளர்த்தும் பக்கம் திருப்புங்கள். காதுக்கம்பியை வளைத்துச் சரிசெய்ய வேண்டுமென்றால் லென்ஸைக் கழற்றிவிட்டே செய்யுங்கள். கம்பியில் கொடுக்கும் அழுத்தம் கீல் வழியாக லென்ஸின் ஓரத்துக்குப் போய், அங்கே சிறு செதில் பெயர்ந்துவிடும். ‘பிஎல்’ எழுத்தும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.